நிறம் பார்க்காத பள்ளி எங்கே இருக்கிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மாணவர் சேர்க்கையில் விண்ணப்பதாரரின் இனத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 29 அன்று தீர்ப்பளித்தது. பள்ளிகளில் தண்டிக்கப்படுவோரில் எந்த இனத்தவர் அதிகம் என்று பார்த்து விதிகளைத் திருத்தும் நடைமுறையைக் கைவிடச் சொல்லி, 2025 ஏப்ரலில் அதிபர் டொனால்டு டிரம்ப் ஆணை பிறப்பித்தார். கல்வியில் நிறத்தைப் பார்க்க வேண்டாம் என்பதே இரண்டும் சொல்லும் செய்தி. கொள்கை அளவில் இதில் குறை காண்பது கடினம். ஆனால், தன் நிறத்தைப் பார்த்தே தன்னை நடத்திய பள்ளியில் 12 ஆண்டுகள் படித்துவிட்டு வரும் மாணவரிடம், கல்லூரி வாசலில் வைத்து ‘இங்கே நிறம் பார்ப்பதில்லை’ என்று சொல்வது எந்த அளவுக்கு நீதி?

அமெரிக்காவின் அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் படிக்கிறார்கள். அவர்களில் வெள்ளையினத்தவர் இப்போது பாதிக்கும் குறைவு. லத்தீனோ பிள்ளைகள் சுமார் 28%, கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 15%. ஆசிய வம்சாவளியினரும் பூர்வகுடிகளும் மீதிப் பங்கில் அடக்கம். ஆகவே, இன அடையாளம் ஒரு பதின்பருவப் பிள்ளையின் படிப்பையும் வாய்ப்பையும் எப்படி மாற்றுகிறது என்ற கேள்வி, அந்நாட்டில் பெரும்பான்மை மாணவர்களின் எதிர்காலத்தைப் பற்றிய கேள்வி.

ஒரே தவறு, வெவ்வேறு தண்டனை

முதலில், எல்லாப் பெற்றோருக்கும் புரியக்கூடிய விஷயத்திலிருந்து தொடங்கலாம்: தண்டனை. 2017-18 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்களில் 15%ஆக இருந்த கறுப்பினத்தவர், பள்ளிக்கு வரக் கூடாது என்று இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் 38%ஆக இருந்தார்கள். இதை அமெரிக்கக் கல்வித் துறையே கணக்கெடுத்து வெளியிட்டது.

‘அந்தப் பிள்ளைகள் அதிகம் தவறு செய்கிறார்கள், தண்டனையும் அதிகம் பெறுகிறார்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் சுமார் 10 லட்சம் மாணவர்களின் பதிவேடுகளை ஏழாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, 2011இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஆயுதம் கொண்டுவருதல் போன்ற குற்றங்களுக்கு மாணவரை வெளியேற்றியே ஆக வேண்டும் என்கிறது சட்டம். அத்தகைய நடவடிக்கைகள் மொத்தத்தில் 3% மட்டுமே. மற்றவை எல்லாம் தண்டிக்கலாமா, மன்னிக்கலாமா என்று பள்ளியே முடிவெடுக்கும் சிறு மீறல்கள்.

குடும்ப வருமானம், மதிப்பெண், வருகைப்பதிவு என 80க்கும் மேற்பட்ட காரணிகளைச் சமன்செய்து பார்த்த பிறகும், இந்தச் சிறு மீறல்களுக்காகக் கறுப்பின மாணவர்கள் தண்டிக்கப்படும் சாத்தியம் 31% அதிகமாக இருந்தது. சட்டம் கட்டாயமாக்கிய கடும் குற்றங்களிலோ அவர்கள் முந்தியிருக்கவில்லை. பெரியவரின் கையில் முடிவு விடப்பட்ட இடத்தில்தான் இடைவெளி தோன்றுகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேசன் ஒகனோஃபுவாவும் ஜெனிஃபர் எபர்ஹார்ட்டும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நெருக்கமாகக் காட்டியது. மாணவர் ஒருவர் இரண்டு முறை செய்த சிறு குறும்புகளைப் பற்றிய குறிப்பு ஆசிரியர்களிடம் தரப்பட்டது. குறிப்பு ஒன்றுதான், சிலருக்கு அது கறுப்பினத்தவர் வைக்கும் பெயரோடும், சிலருக்கு வெள்ளையினத்தவர் வைக்கும் பெயரோடும் போனது. முதல் குறும்பில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டாவது குறும்பைப் படித்ததும், கறுப்பினப் பெயர் கொண்ட மாணவரைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்ற எண்ணம் ஆசிரியர்களிடம் கூடுதலாக எழுந்தது. வெள்ளையினப் பிள்ளை செய்தால் ஏதோ குறும்பு. கறுப்பினப் பிள்ளை செய்தால் அது அவரது குணம் என்றாகிவிடுகிறது.

பெண் பிள்ளைகளும் இதற்கு விலக்கில்லை. கறுப்பினச் சிறுமிகளைப் பெரியவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி 2017இல் ஆராய்ந்தது. அதே வயது வெள்ளையினச் சிறுமிகளை விட இவர்களுக்கு அரவணைப்பும் பாதுகாப்பும் குறைவாகவே தேவை என்று பெரியவர்கள் நினைத்தார்கள். 5 முதல் 14 வயது வரையிலான சிறுமிகள் விஷயத்தில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. பின்னல், சுருள்முடி போன்ற இயல்பான தோற்றத்துக்காகப் பிள்ளைகள் பள்ளியில் தண்டிக்கப்படுவதைத் தடுக்கவே ஒரு சட்டம் தேவைப்பட்டது. கலிஃபோர்னியா 2019இல் முதலில் அதை இயற்றியது. பல மாநிலங்கள் பின்பற்றின.

இடைநீக்கம் என்பது இரண்டு நாள் விடுமுறையோடு முடிவதில்லை. பாடம் போகிறது; தேர்வு போகிறது; ஆசிரியரிடம் இருந்த நம்பிக்கை போகிறது. பள்ளியின் விருப்பத்தின் பேரில் தண்டிக்கப்பட்ட மாணவர், அடுத்த ஆண்டே சிறார் நீதி அமைப்பில் சிக்கும் சாத்தியம் ஏறக்குறைய 3 மடங்கு அதிகம் என்பதும் டெக்சாஸ் ஆய்வில் தெரியவந்ததே.

‘உன்னால் முடியும்’ என்று யார் நினைக்கிறார்கள்?

தண்டனை கண்ணுக்குத் தெரியும். எதிர்பார்ப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால், அது செய்யும் வேலை இன்னும் ஆழமானது.

பத்தாம் வகுப்பு மாணவர்களைப் பற்றி, அவர்களுக்குப் பாடம் எடுத்த இரண்டு ஆசிரியர்களிடம் தனித்தனியே கேட்டுத் திரட்டிய தேசிய அளவிலான தரவுகளை சேத் கெர்ஷன்சன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் 2016இல் அலசினார்கள். ஒரே கறுப்பின மாணவரை வெள்ளையின ஆசிரியரும் கறுப்பின ஆசிரியரும் மதிப்பிடும்போது, ‘இவர் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடிப்பார்’ என்று வெள்ளையின ஆசிரியர் நினைக்கும் சாத்தியம் சுமார் 30% குறைவாக இருந்தது. மாணவர் ஒருவரே, மதிப்பெண்ணும் ஒன்றே. பார்ப்பவர் மட்டுமே வேறு.

அப்படி நினைக்கும் ஆசிரியர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த நினைப்பு செயலாக மாறும். கடினமான கணக்கை யாரிடம் கேட்பது, மேல்நிலைப் பாடத்துக்கு யாரைப் பரிந்துரைப்பது, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி யாரை ஊக்குவிப்பது என்று ஒவ்வொரு நாளும் ஆசிரியர் தேர்ந்தெடுக்கிறார். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா கிடைக்காத மாணவர், பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸைத் தொடுவது கடினம். பொறியியல் கல்லூரியின் கதவு, மாணவருக்கே தெரியாமல் 13 வயதில் பாதி மூடிவிடுகிறது.

பதின்பருவம் ஏன் தீர்மானிக்கிறது?

‘நான் யார்?’ என்ற கேள்வியை மனிதர் தீவிரமாகக் கேட்டுக்கொள்ளும் வயது இது. உணவுக்கூடத்தில் கறுப்பின மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது ஏன் என்று ஆராய்ந்த உளவியலாளர் பெவர்லி டேனியல் டாட்டம், 1997இல் வெளியான தன் புகழ்பெற்ற நூலில் இதை விளக்கினார். ஆரம்பப் பள்ளியில் எல்லோரோடும் கலந்து விளையாடிய பிள்ளைகள், 12, 13 வயதில் உலகம் தங்களை எப்படிப் பார்க்கிறது என்று உணரத் தொடங்குகிறார்கள். கடைக்குள் போனால் காவலர் பின்தொடர்கிறார். வகுப்பில் சரியான விடை சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். இந்த அனுபவத்தை விளக்காமலே புரிந்துகொள்ளும் நண்பர்களிடம் அவர்கள் சேருவது பாதுகாப்புக்காக.

அந்த வயதில் ஆசிரியர் எழுதும் ஒரு வரிக்கும் எடை உண்டு. ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தித் தந்தபோது, சிலருக்கு மட்டும் கூடுதலாக ஒரு குறிப்பு இணைக்கப்பட்டது. உங்களிடம் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், அதை உங்களால் எட்ட முடியும் என்று அறிவேன் என்பதே அதன் சாரம். 2014இல் வெளியான, டேவிட் யேகர் குழுவின் அந்தச் சிறிய ஆய்வில், குறிப்பைப் பெறாத கறுப்பின மாணவர்களில் 17% பேர்தான் கட்டுரையை மீண்டும் எழுதித் தந்தார்கள். குறிப்பைப் பெற்றவர்களில் 72% பேர் எழுதித் தந்தார்கள். சிவப்பு மையைக் கண்டு, ‘இவருக்கு என்னைப் பிடிக்காது’ என்று ஒதுங்கிய பிள்ளைகள், தங்கள் மீது நம்பிக்கை இருப்பதை அறிந்ததும் உழைக்க வந்தார்கள்.

பணம் வந்தால் சரியாகிவிடுமா?

இதெல்லாம் வறுமையின் விளைவு, வருமானத்தை மட்டும் கவனித்தால் போதும் என்ற வாதம் பரவலானது. அதில் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி தலைமையிலான குழு, கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் வருமானப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரே வட்டாரத்தில், ஒரே வருமானமுள்ள குடும்பங்களில் வளர்ந்த கறுப்பின, வெள்ளையினச் சிறுவர்களை ஒப்பிட்டபோது, நாட்டின் 99% வட்டாரங்களில் கறுப்பினச் சிறுவர்களே வளர்ந்த பிறகு குறைவாகச் சம்பாதித்தார்கள். பணக்கார வீட்டில் பிறந்த கறுப்பினச் சிறுவர்கள் அந்த நிலையைத் தக்கவைத்துக்கொள்வதும் அரிதாக இருந்தது. வறுமை குறைவாகவும், வெள்ளையினத்தவரிடம் இனப் பாகுபாட்டு மனோபாவம் குறைவாகவும், வட்டாரக் கறுப்பினக் குடும்பங்களில் தந்தையர் உடன் வாழ்வது அதிகமாகவும் இருந்த சில இடங்களில் மட்டும் நிலைமை மேம்பட்டிருந்தது. அப்பாவின் சம்பளத்தால் மட்டும் மகனைக் காப்பாற்ற முடியவில்லை.

அடையாளம் பலமாக மாறும்போது

இன அடையாளத்தைச் சுமையாக மட்டுமே பார்ப்பது தவறு. பள்ளி அதை மதித்தால், அதுவே படிப்புக்கு உந்துதலாகிறது. இதற்கும் சான்றுகள் உள்ளன.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரப் பள்ளிகள், 2010இல் கறுப்பின ஆண் மாணவர்களுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கின. கறுப்பின ஆண் ஆசிரியர்கள் நடத்தும் தனி வகுப்பு அது. தங்கள் மக்களின் வரலாறு, தன்மதிப்பு, பொறுப்பு, கல்லூரிக்கான தயாரிப்பு ஆகியவை பாடங்கள். இத்திட்டம் வழங்கப்பட்ட பள்ளிகளில் கறுப்பின ஆண் மாணவர்களின் இடைநிற்றல் 43% குறைந்ததாக ஆய்வாளர்கள் தாமஸ் டீயும் எமிலி பென்னரும் கண்டறிந்தார்கள்.

சான்ஃபிரான்சிஸ்கோவில், மதிப்பெண்ணில் பின்தங்கிய ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குப் பல்வேறு இனத்தவரின் வரலாற்றைச் சொல்லும் ‘எத்னிக் ஸ்டடீஸ்’ பாடம் தரப்பட்டது. அவர்களின் வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் கணிசமாக உயர்ந்ததாக இதே ஆய்வாளர்கள் 2017இல் எழுதினார்கள். முன்னேற்றத்தின் அளவு குறித்து அறிஞர்களிடையே விவாதம் தொடர்கிறது. எனினும், கலிஃபோர்னியா 2021இல் இப்பாடத்தை உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. நிதி ஒதுக்கினால்தான் சட்டம் செயலுக்கு வரும். 2025-26 பட்ஜெட்டில் அந்த நிதி ஒதுக்கப்படவில்லை.

அரிசோனாவில் நடந்தது இன்னும் கசப்பானது. டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிகோ வம்சாவளி மாணவர்களின் வரலாறும் இலக்கியமும் கற்பிக்கப்பட்டன. அவ்வகுப்பில் சேர்ந்தவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் சாத்தியம் கூடியதை ஆய்வு காட்டியது. மாநில அரசோ 2010இல் சட்டம் போட்டு, 2012இல் அந்த வகுப்பை நிறுத்த வைத்தது. அந்த நடவடிக்கை இனவெறுப்பின் தூண்டுதலால் எடுக்கப்பட்டது என்று 2017இல் கூட்டாட்சி நீதிபதி வாலஸ் டாஷிமா தீர்ப்பளித்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளியைக் கடந்துபோன பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு கிடைக்காமலேயே போனது.

தொலைந்துபோன ஆசிரியர்கள்

அமெரிக்க ஆசிரியர்களில் சுமார் 80% பேர் வெள்ளையினத்தவர். கறுப்பினத்தவர் சுமார் 6%. கறுப்பின ஆண்கள் 1.3% மட்டுமே. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954 மே 17 அன்று, ‘பிரவுன்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கென்னத், மேமி கிளார்க் தம்பதியினர் பொம்மைகளைக் காட்டிக் கறுப்பினக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகள் அந்த வழக்கில் எடுத்துரைக்கப்பட்டன. குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்ல பொம்மை என்றனர். பிரிவினை, குழந்தையின் மனத்தைக் காயப்படுத்துகிறது என்பதை நீதிமன்றம் ஏற்றது.

தீர்ப்பை நடைமுறைப்படுத்திய விதத்தில் வேறோர் அநீதி நிகழ்ந்தது. கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டன. மாணவர்கள் வெள்ளையினப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களது ஆசிரியர்கள் அனுப்பப்படவில்லை. 1954க்கும் 1965க்கும் இடையே 17 மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள்.

அந்த இழப்பின் அளவை உணர்த்தும் ஆய்வு டென்னசி மாநிலத்திலிருந்து வந்தது. அங்கே 1980களில் குழந்தைகள் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினக் குழந்தைகளுக்கு, அந்த வாய்ப்பு அமையாத சக கறுப்பினக் குழந்தைகளை விட, பள்ளிப் படிப்பை முடிக்கும் சாத்தியம் 13% அதிகமாகவும், கல்லூரியில் சேரும் சாத்தியம் 19% அதிகமாகவும் இருந்தது.

நம் குடும்பங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விவாதம் தள்ளி நின்று பார்க்கும் காட்சி அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆசிய விண்ணப்பதாரர்களுக்குப் பாகுபாடு காட்டுகிறது என்ற குற்றச்சாட்டுதான் 2023 தீர்ப்பில் முடிந்த வழக்கின் தொடக்கம். தீர்ப்புக்குப் பிறகு எம்.ஐ.டி.யில் 2024இல் சேர்ந்த புதிய மாணவர்களில் ஆசிய அமெரிக்கர்களின் பங்கு 40%இலிருந்து 47%ஆக உயர்ந்தது. கறுப்பினத்தவரின் பங்கு, முந்தைய ஆண்டுகளின் சராசரியான 13%இலிருந்து 5%ஆகச் சரிந்தது. நம் உறவினர் வீடுகளில் பலர் இதைத் திறமைக்குக் கிடைத்த வெற்றி என்றே பேசுகிறார்கள்.

நம் பிள்ளைகளின் உழைப்பை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால், அவர்களுக்கு ஆதரவாக இருப்பதும் ஓர் இன அடையாளம்தான். ஜெனிஃபர் லீ, மின் சோ ஆகிய சமூகவியலாளர்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் சீன, வியட்நாமிய இளைஞர்களிடம் நடத்திய ஆய்வில், சராசரி மதிப்பெண் எடுத்தவர்களும் ‘ஆசியர் என்றால் கெட்டிக்காரர்’ என்ற நம்பிக்கையால் மேல்நிலை வகுப்புகளில் சேர்க்கப்பட்டதைக் கண்டார்கள். சேர்ந்த பிறகு அந்த எதிர்பார்ப்புக்கு ஏற்ப உயர்ந்தார்கள். கறுப்பினப் பிள்ளையைக் கீழே இழுக்கும் அதே பழக்கம், ஆசியப் பிள்ளையை மேலே தூக்கிவிடுகிறது. அங்கே குடியேறிய இந்தியர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் பட்டதாரிகள் என்பதையும் மறக்கக் கூடாது. பந்தயத்தில் நாம் தொடங்கும் இடமே வேறு.

அங்கே போக நமக்கு வழி திறந்ததும் கறுப்பின மக்களின் போராட்டம்தான். 1964இல் குடிமை உரிமைகள் சட்டம், 1965இல் வாக்குரிமைச் சட்டம் என்று தொடர்ந்த அந்த அலையில்தான், ஆசியர்களைத் தடுத்துவந்த பழைய ஒதுக்கீட்டு முறையை ஒழித்த 1965 குடியேற்றச் சட்டமும் வந்தது.

சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன் இதை நன்கு புரிந்துகொண்டவர். தன் மகள்கள் கமலா, மாயா இருவரையும் அமெரிக்கா கறுப்பினப் பெண்களாகவே பார்க்கும் என்று அறிந்து, அந்த அடையாளத்தில் பெருமிதம் கொள்ளும்படி அவர்களை வளர்த்தார். பள்ளிகளில் பிரிவினையைப் போக்க பெர்க்லி நகரம் இயக்கிய பேருந்தில் சென்று படித்த கமலா ஹாரிஸ், பின்னாளில் துணை அதிபரானார்.

என்ன செய்யலாம்?

முதலாவது, கணக்கெடுப்பை நிறுத்தக் கூடாது. தண்டனை, மேல்நிலைப் பாடங்கள், இடைநிற்றல் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பள்ளியும் இனவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தனி ஒரு பிள்ளையை மதிப்பிடும்போது நிறம் பார்க்கக் கூடாது. பள்ளியை மதிப்பிடும்போது பார்த்தே ஆக வேண்டும். 2025 மார்ச்சில் கல்வித் துறை ஆள்குறைப்பு செய்தபோது, மாணவர்களின் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் குடிமை உரிமைகள் பிரிவின் 12 மண்டல அலுவலகங்களில் 7 மூடப்படும் என அறிவிக்கப்பட்டது. அந்தப் பிரிவுக்குப் போதிய ஆட்களைத் திரும்பத் தர வேண்டும்.

இரண்டாவது, மேல்நிலை வகுப்புக்கு ஆசிரியரின் பரிந்துரையை மட்டும் நம்பக் கூடாது. புளோரிடாவின் பிரவர்ட் கவுண்டி, 2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் திறனறித் தேர்வு வைத்தது. சிறப்புத் திறன் வகுப்புகளில் சேர்ந்த கறுப்பினக் குழந்தைகள் 80%, லத்தீனோ குழந்தைகள் 130% கூடினார்கள். செலவைக் காரணம் காட்டித் தேர்வு கைவிடப்பட்டதும் பழைய நிலையே திரும்பியது. தகுந்த மதிப்பெண் எடுத்த மாணவரை மேல்நிலைக் கணித வகுப்பில் தானாகவே சேர்க்கும் சட்டங்களை வட கரோலினா 2018இலும் டெக்சாஸ் 2023இலும் கொண்டுவந்தன. இவற்றில் இனத்தின் பெயரே இல்லை. எந்த நீதிமன்றத் தீர்ப்பும் குறுக்கே நிற்காது. எல்லா மாநிலங்களும் இதைச் செய்யலாம்.

மூன்றாவது, ‘கீழ்ப்படியவில்லை’, ‘மரியாதை இல்லை’ போன்ற தெளிவற்ற காரணங்களுக்காக மாணவரை இடைநீக்கம் செய்வதை நிறுத்த வேண்டும். கலிஃபோர்னியா இந்தத் தடையை 2024 ஜூலை முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டித்தது.

நான்காவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். மாணவரின் பக்கத்திலிருந்து யோசிக்கத் தூண்டும் குறுகிய இணையவழிப் பயிற்சி ஒன்று, கலிஃபோர்னியாவின் 5 நடுநிலைப் பள்ளிகளில் இடைநீக்க விகிதத்தை 9.6%இலிருந்து 4.8%ஆகக் குறைத்ததாக ஒகனோஃபுவா குழுவின் 2016 ஆய்வு காட்டியது. செலவு மிகக் குறைவு.

ஐந்தாவது, ஆசிரியர் பணிக்குக் கறுப்பின, லத்தீனோ இளைஞர்களை ஈர்க்க வேண்டும். தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகம், கறுப்பின ஆண்களை ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களாக்கும் ‘கால் மீ மிஸ்டர்’ திட்டத்தை 2000இலிருந்து நடத்திவருகிறது. கல்விக் கட்டண உதவியும் வழிகாட்டலும் தரும் இத்தகைய திட்டங்கள் மாநிலந்தோறும் வேண்டும்.

கடைசியாக, அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி வாரியக் கூட்டங்களில் பொதுவாகப் பெற்றோர் பேசலாம். உங்கள் பிள்ளை படிக்கும் மேல்நிலைக் கணித வகுப்பில் கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள் எத்தனை பேர் என்று அங்கே கேளுங்கள். குறைவாக இருந்தால், தகுதியுள்ள எல்லோரையும் தானாகச் சேர்க்கும் விதியைக் கொண்டுவரச் சொல்லி, மற்ற பெற்றோருடன் சேர்ந்து கோரிக்கை வையுங்கள். அதனால் உங்கள் பிள்ளையின் இருக்கை பறிபோகாது. வகுப்பில் இன்னும் சில இருக்கைகள் போடச் சொல்லித்தான் கேட்கிறீர்கள்.